தூங்குமூஞ்சி மரத்தடியில் உன் நைனா

அருள்,

கடிதத்தின் தலையில் வழக்கமாக எழுதும் ஸ்தோத்திர வரியை இந்த முறை எழுதவில்லை. கோபத்தோடு எழுதினால் அது ஸ்தோத்திரமாக இருக்காது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று திங்கள்கிழமை பொறுத்துப் பார்த்தேன். செவ்வாயும் போய்விட்டது. ஆறுகிற வழியைக் காணோம். இன்று டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு லீவு சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே தூறிக்கொண்டிருக்கிறது, காயப்போட்ட துணியெல்லாம் வீட்டுக்குள் கொடி கட்டித் தொங்குகிறது, அச்சகத்து பாபு காலையிலேயே ஆள் அனுப்பிவிட்டான். உன் கல்யாணப் பத்திரிகையில் உன் அப்பா பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று இன்று சாயங்காலத்துக்குள் அவனுக்குச் சொல்லியாக வேண்டும். இந்தக் கடிதம் திருச்சியில் உன் கைக்கு வரும்போது அது அச்சாகியே போயிருக்கும். அதனால் உன்னிடம் அனுமதி கேட்பதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. என்ன செய்யப்போகிறேன் என்று இந்த நிமிஷம் எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நீ செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ஒன்றரை நாள் இருந்தாய். மீன் குழம்பு சாப்பிட்டாய், தூங்கினாய், அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாய். பத்திரிகை புரூஃபைப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாய். ஜி.எஸ்.டி. ரோட்டில் திருச்சி பஸ் வந்து, ஜனங்கள் முண்டியடித்து ஏறும்போதுதான் அந்தக் காகிதத்தை மடித்து என் கையில் திணித்தாய். பிரித்துப் பார்த்தால், 'பரலோகத்தில் இருக்கும் திரு. ஏகாம்பரம்' என்று நான் எழுதிக் கொடுத்திருந்ததில் முதல் இரண்டு சொற்களைச் சிவப்பு மையால் அடித்து, 'காலஞ்சென்ற' என்று மேலே எழுதியிருந்தாய். என்னடா இது என்று கேட்டேன். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "அம்மா, தெரிஞ்சே ஒரு பொய்யை அச்சடிச்சு ஊருக்கெல்லாம் கொடுக்க முடியாதும்மா. காலஞ்சென்றன்னு போட்டா யாருக்கும் சங்கடம் இல்ல" என்றாய். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது என் முன்னால் புகைதான் இருந்தது.

நீ திட்டமிட்டு அப்படிச் செய்தாய் என்று சொல்லவில்லை. எனக்கு முகத்துக்கு நேரே சொல்லப் பயந்திருப்பாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, பிராக்ரஸ் ரிப்போர்ட்டை நான் பஸ் பிடிக்க ஓடும்போதுதான் நீட்டுவாய். ஆனால் இது கணக்குப் பரீட்சை மார்க் இல்லையே.

இது அன்றைக்குத் தொடங்கியதும் இல்லை. பெண் வீட்டார் நம் வீட்டுக்கு வந்த அன்றே தொடங்கிவிட்டது. அந்த மனிதர், உன் வருங்கால மாமனார், நல்லவர்தான். வரதட்சணைப் பேச்சை எடுக்கவே கூடாது என்று முதலில் அவர்தான் சொன்னார். ஆனால் காபியைக் கையில் எடுப்பதற்குள் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்து, மெதுவாக, "மாப்பிள்ளையோட அப்பா இரட்சிக்கப்பட்டவரா? இயேசுவ ஏத்துக்கிட்டவரா?" என்று கேட்டார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். நீ தேடவே இல்லை. "இல்ல அங்கிள்" என்றாய், கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. நான் காபி எடுத்துவரப் போகிறேன் என்று உள்ளே போனேன். காபி ஏற்கெனவே மேஜையில் இருந்தது. அதை அங்கே யாரும் கவனிக்கவில்லை.

பொத்தேரியில் இன்ஜினியரிங் படிக்கப் போன இடத்தில் ஹாஸ்டல் ஜெபக் கூட்டத்தில் நீ சேர்ந்ததும், உன் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்ததும், அங்கேயே பிரிசில்லாவைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சிதான். நான் அதற்கு எதிரி இல்லை. என் பிள்ளை வேதத்தைத் திறந்து படிக்கிறான் என்று எக்ஸ்சேஞ்சில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் நீ படித்தது வளர வளர நம் வீட்டில் ஒரு ஆள் குறைந்துகொண்டே வந்தார். முதலில் அவருடைய நினைவு நாளில் உன் பெரியப்பா வீட்டுக்குப் போவதை நிறுத்தினாய். பிறகு படத்துக்கு மாலை எதற்கு என்றாய். இப்போது பரலோகத்திலிருந்தும் பேனாவால் அடித்துவிட்டாய்.

பால் பொங்கிவிட்டது. போய்த் துடைத்துவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்?

உன் அப்பா யார் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு எப்படித் தெரிந்தவர் என்று உனக்குத் தெரியாது. செம்பாக்கம் ஏரிக்குக் கீழே நெல் போட்டிருந்த குடும்பம். நிலத்தை மனை போட ஆரம்பித்ததும், வீடு கட்டுகிறவர்களுக்கு இனிமேல் செங்கலும் சிமெண்டும்தான் தேவை என்று கடை வைத்தவர். நான் தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கிறிஸ்தவப் பெண். கடைக்கு டெலிபோன் கேட்டு எக்ஸ்சேஞ்சுக்கு நடந்து நடந்து, டெலிபோன் கிடைப்பதற்கு முன்னால் நான் கிடைத்துவிட்டேன் என்று சொல்லிச் சிரிப்பார். என் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டால் சர்ச்சிலேயே கல்யாணம். "தண்ணி தெளிச்சா முடிஞ்சுது, தம்பி" என்றார். அதற்கு உன் அப்பா சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "மாமா, தண்ணியில எனக்கு ஒண்ணும் இல்ல. அப்போ ஒரு வார்த்த சொல்லணும்ன்றாங்களே, விசுவாசிக்கிறேன்னு. அது இன்னும் என் மனசுல வர்ல. வராதத உங்க சாமி முன்னாடி நின்னுகினு எப்டி மாமா சொல்றது?" கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. பொய் சொல்லியிருந்தால் அவருக்கு மேளதாளத்தோடு பெண் கிடைத்திருக்கும், உனக்கும் இன்று பத்திரிகையில் சிக்கல் இருந்திருக்காது.

சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டதால் சர்ச் கமிட்டி எனக்குத் திருவிருந்தை நிறுத்தி வைத்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான். எல்லாரும் எழுந்து முன்னால் போய் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க முழங்காலில் நிற்கும்போது நான் மட்டும் கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு, நான் போகமாட்டேன் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். உன் அப்பா குளித்து, வேட்டி கட்டி, சைக்கிளைத் துடைத்துவிட்டு வந்து நின்றார். "இன்னா இன்னும் பட்த்துகினு கீற? எழுந்திரு. மணி ஆவுது" என்றார். அங்கே எனக்கு ஒன்றும் கொடுக்கமாட்டார்கள் என்று அழுதேன். "குடுக்கலன்னா போறாங்க. நீ போய் உள்ள குந்து. என்னால உன் சாமிய வுட்டுட்டன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. நான் வெளிய கீறேன்" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் அந்த வெளியே இருப்பது. சர்ச் கேட்டுக்கு எதிரே, சைக்கிள் கடையை ஒட்டி இருக்கிற தூங்குமூஞ்சி மரத்தடியில். முதலில் சைக்கிள், பிறகு டி.வி.எஸ். ஃபிப்டி. கையில் பேப்பர், பையில் வேர்க்கடலை. அரை வருஷத்துக்குப் பிறகு கமிட்டி மனது இரங்கி எனக்குத் திருவிருந்தைத் திரும்பக் கொடுத்தது. அதற்குப் பிறகும் அவர் வெளியேதான். உள்ளே வாருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். செருப்பைக் கழற்றணுமா வேணாமா என்றே தனக்குத் தெரியாது என்று ஒரு முறை சொன்னார். பாட்டு வராது என்று ஒரு முறை. ஒரு முறை மட்டும் விளையாட்டில்லாமல், "உள்ள வந்தா பாதி மனசோட வர முடியாது. முழுசா வர்ற அன்னைக்கு நானே வருவேன், நீ இஸ்துகினு போவாத" என்றார். குருத்தோலை ஞாயிறு வந்தால் தன் தோப்பில் ஆளை ஏற்றித் தென்னங்குருத்து வெட்டிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கேட்டிலேயே வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவார். சபை முழுவதும் அவருடைய ஓலையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடியபடி கோயிலைச் சுற்றிவரும். அவர் மரத்தடியில் நின்று ஓலை எல்லாருக்கும் போதுமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஓலை குறைந்தால் அடுத்த வருஷம் ஒரு கட்டு கூட வரும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மழைநாளில் பிரசங்கம் நீண்டால் என்னால் உட்கார முடியாது. நடுவில் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய், அவர் நனைகிறாரா, கடை ஓரமாக ஒதுங்கியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவேன். அவர் என்னைப் பார்த்ததும், போ போ என்று பேப்பரால் விரட்டுவார். பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பார்கள். ஆயரே ஒரு நாள் பிரசங்கத்தில், சிலர் ஆண்டவருடைய சமூகத்தில் பொறுமையாக உட்கார மாட்டார்கள் என்று சொன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த மழைக்கும் எழுந்து போனேன்.

உனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது ஞாயிறு பள்ளியில் பரலோகத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். பொன் வீதி, முத்து வாசல், அழுகையே கிடையாது, ராத்திரியே கிடையாது. நாம் மூன்று பேரும் வண்டியில் வந்துகொண்டிருந்தோம், நீ முன்னால் நின்றுகொண்டு திரும்பி, "நைனா, நீ பரலோகத்துக்கு வருவியா?" என்று கேட்டாய். உன் அப்பா கேம்ப் ரோடு திருப்பத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே, "உன்னையும் அம்மாவையும் வாசல் வரைக்கும் கொண்டாந்து வுட்டுடறேன்டா. நீங்க உள்ள போங்க. நான் வெளிய கீறேன்" என்றார். நீ அழ ஆரம்பித்துவிட்டாய். கடையில் நிறுத்தி கமர்கட் வாங்கிக் கொடுத்தும் நிற்கவில்லை. இன்று சிவப்பு மையில் எழுதுகிற நீ அன்று அப்படி அழுதாய் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் இப்போதுதான் சொல்கிறேன்.

சரி, இதெல்லாம் பாசம், சத்தியம் வேறு என்று நீ சொல்வாய். எனக்குத் தெரியும், நீ சொல்லும்போது உன் குரல் எப்படி இருக்கும் என்றுகூட. அதனால் பரலோகத்தைப் பற்றியே பேசுவோம். நானும் இத்தனை வருஷம் பிரசங்கம் கேட்டவள்தான்.

உன் பெரியப்பாவிடம் கேட்டால், எல்லா சாமியும் ஒண்ணுதாம்மா, தம்பி நல்ல எடத்துலதான் இருக்கும், 'தெய்வத்திரு'ன்னு போட்டுடு என்கிறார். எவ்வளவு சுலபம் பார். என்னால் முடியவில்லை. இயேசுவின் வழியாகத்தான் பிதாவிடம் போக முடியும் என்று நான் நம்புகிறேன், நேற்றும் நம்பினேன், சாகும்போதும் நம்புவேன். நல்லவராக இருந்ததால் பரலோகம் என்றும் நான் சொல்லமாட்டேன். நல்லவர்களுக்குக் கொடுக்கிற ஷீல்டு இல்லை அது. யாரும் சம்பாதிக்க முடியாதது, அவர் இரங்கிக் கொடுத்தால் உண்டு. இதுவரைக்கும் நீயும் நானும் ஒரே பெஞ்சில்தான் இருக்கிறோம்.

சின்ன வயதில் எனக்கும் பரலோகம் என்றால் பொன் வீதிதான். சங்கிலி அறுந்து போய் ஒரு குண்டுமணித் தங்கத்துக்கு அல்லாடிய வீட்டில் வளர்ந்ததால் அந்த வீதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வயதாக ஆகத் தங்கத்தின் மேல் ஆசை போய்விட்டது. நாம் இங்கிருந்து எங்கோ மேலே பறந்து போவது அல்ல, கடைசியில் கடவுளே மனிதர்களோடு குடியிருக்க இறங்கி வருகிறார், வானமும் பூமியும் புதிதாகின்றன, செத்த உடம்பு எழுந்திருக்கிறது, அவரே நம் கண்ணீரைத் துடைக்கிறார் என்று வேதத்தில் இருப்பதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. செம்பாக்கம் ஏரிகூட அங்கே இருக்கும், ஆகாயத்தாமரை இல்லாமல் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். சிரிக்காதே. பூமி புதிதாகும் என்றால் ஏரி மட்டும் ஏன் விட்டுப்போக வேண்டும்?

ஆனால் அந்தக் கண்ணீரில்தான் எனக்கும் உனக்கும் சண்டை. போன வருஷம் உன்னிடம் கேட்டேன், உன் நைனா அங்கே இல்லையென்றால் என் கண்ணீரை ஆண்டவர் எப்படித் துடைப்பார் என்று. "அங்க போனா நமக்கு அவங்க ஞாபகமே இருக்காதும்மா" என்றாய். உங்கள் பாஸ்டர் அப்படிச் சொன்னாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரை மறந்துவிட்டால் அங்கே உட்கார்ந்திருப்பது யார்? அவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டதால் விசுவாசத்தில் நிலைத்த பெண் நான். அவரை அழித்துவிட்டு என்னை மட்டும் எடுத்துக்கொண்டால், கையில் மிஞ்சுவது வேறு யாரோ. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தன் காயங்களையே மறைக்கவில்லையே, சந்தேகப்பட்ட தோமாவிடம் ஆணி அடித்த கையை நீட்டிக் காட்டினாரே. அவருக்கு இல்லாத மறதி எனக்கு எதற்கு?

ஆயரிடமும் போனேன். இப்போது இருப்பவர் இல்லை, ரிட்டையராகி சேலையூரில் இருக்கிறாரே அவர், என்னைப் பிரசங்கத்தில் குத்திப் பேசினவரேதான். "அந்தக் கதவு உன் கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்லம்மா. யார் கையில இருக்குன்னு மட்டும் தெரியும்" என்றார். இது எனக்கும் தெரியும் ஐயா, வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று கோபமாகவே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அதற்கு மேல் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அவருடைய மனைவி டீ கொடுத்தார். எனக்கு நிம்மதி வரவில்லை. இப்போதும் இல்லை. நீ சொல்வதுதான் சரியாக இருக்குமோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது, அருள். அந்தப் பயத்தை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அது வந்து பக்கத்தில் நிற்கிறது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷமாக நாம் இரண்டு பேரும் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகிறோம்.

நெஞ்சுவலி வந்து உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கொஞ்சம் தேறிவிட்டார், இட்லிகூடச் சாப்பிட்டார். ஞாயிறு காலை, நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னா இங்க குந்திகினு கீற? சர்ச்சுக்குப் போ" என்றார். மாட்டேன் என்றேன். "பையன் கீறான், அண்ணன் கீது. நான் எங்க போயிடப் போறேன்?" என்று விரட்டினார். நீ அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். உன்னை அவர் பக்கத்தில் விட்டுவிட்டு, அவர் இல்லாமல் முதல்முறையாகத் தனியாக பஸ் ஏறிப் போனேன். ஆராதனை முடிந்து எல்லாருக்கும் முன்னால் வெளியே வந்தேன். மரத்தடியில் உன் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். "தம்பி அனுப்பிச்சுதும்மா, நீ வெளிய வந்து தேடுவியாம்" என்றார். ஆட்டோவில் போனோம். நாங்கள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. நீ சுவரோரம் நின்றுகொண்டிருந்தாய்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை நீ அதை என்னிடம் சொன்னாய். அவர் கண்ணை மூடிக்கொண்டே, மணி என்ன என்று கேட்டாராம். நீ மணி சொன்னதும் அவர் சொன்னாராம்: "சர்ச் வுட்ற நேரம். பெரியப்பாவ போய் நிக்க சொல்லு. அவ வெளிய வந்து தேடுவா." அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். செம்பாக்கத்தில் மொட்டைத் தலையோடு நீ கொள்ளி வைத்ததும், சர்ச்சில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் எனக்கு இன்று பெரிதாகத் தெரியவில்லை. இந்தப் பேச்சுதான் தெரிகிறது.

அருள், நான் ஒன்று கேட்கட்டுமா? சென்ற ஈஸ்டருக்கு வந்தபோது நீ சாப்பிட்டுக்கொண்டே, "அன்னைக்கு நான் இரட்சிக்கப்பட்டிருந்தா நைனாகிட்ட ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பேன்" என்று சொன்னாய். சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னாய். நான் ரசம் ஊற்றினேன். அது அன்று எனக்கு உறைக்கவில்லை. நேற்று எக்ஸ்சேஞ்சில் யாருக்கோ டிரங்க் லைன் போட்டுக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. நீ அவரைத் தீர்ப்புச் செய்யவில்லை. அந்தக் கட்டிலின் பக்கத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாய். பதினைந்து வயதுப் பையன் ஒரு வார்த்தை சொல்லாததால் ஒரு மனிதர் நித்தியத்துக்கும் வெளியே போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு, அதைச் சுமக்க முடியாமல், அதையே கொள்கையாக ஆக்கிக்கொண்டாய். நான் சொல்வது தப்பாக இருந்தால் அடுத்த முறை வந்து சண்டை போடு. ஆனால் என் கடவுள் ஒரு மனிதரின் முடிவை பத்தாவது படிக்கிற பிள்ளையின் தலையில் ஏற்றி வைக்கிறவர் இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கி, அன்றைக்கே பரலோகம் பெற்ற அந்தக் கள்ளனுக்கு எந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளை வந்து வார்த்தை சொன்னான்? அந்தப் பாரத்தை இறக்கி வை, கண்ணா. கல்யாணத்துக்குள் இறக்கி வை. இல்லையென்றால் அந்தப் பெண்ணையும் அதைச் சுமக்க வைப்பாய்.

அவளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கல்யாணமான பிறகு ஆராதனை உனக்குப் பிரியமாகவும் அவளுக்குச் சோர்வாகவும் இருக்கிற ஞாயிறுகள் வரும். மாறியும் வரும். அப்போது வேதவசனத்தை எடுத்து அவள் மேல் வீசாதே. வண்டியைத் துடைத்துவிட்டு வந்து நில். காத்திருக்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நீ பெரிய விசுவாசியாக இருப்பதைவிட அது கஷ்டம், நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பரலோகத்தை நம்புகிறவன் யார் யார் உள்ளே என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தன்னோடு இருப்பவர்களை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டால் போதும். ஆண்டவரையே ஊருக்குள் வைத்துக் கொல்லவில்லை, நகர வாசலுக்கு வெளியே கொண்டுபோய்த்தான் சிலுவையில் அறைந்தார்கள். வெளியே நிற்கிறவர்கள் அவர் கண்ணில் படாமல் போகமாட்டார்கள் என்று நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒன்றைத்தான். தெரியும் என்று சொல்லவில்லை. பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

தூறல் விட்டது. குடையை எடுத்துக்கொண்டு மேற்கு தாம்பரத்தில் பாபுவின் அச்சகத்துக்குப் போய்விட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். லெவல் கிராசிங்கில் கேட் போட்டுவிட்டான், மின்சார ரயில் இரண்டு போன பிறகுதான் திறந்தான். நின்ற நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்தேன். பாபுவிடம் புரூஃபைக் கொடுத்து, நீ எழுதியதையும் அடித்துவிடு, நான் எழுதியதையும் சேர்க்காதே, வெறும் 'திரு. ஏகாம்பரம்' என்று மட்டும் போடு, பக்கத்தில் என் பெயர் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். "இன்னாக்கா, சார் தவறிட்டாருன்னு சொன்னீங்க. பேருக்கு முன்னாடி ஒண்ணும் போடலன்னா, உயிரோட கீறாருன்னுல நெனச்சுப்பாங்க? மண்டபத்துல வந்து எங்கன்னு தேடப் போறாங்க" என்றான். தேடட்டும் என்றேன். "கேட்டா இன்னான்னு சொல்லுவீங்க?" என்றான். வெளிய நிக்கிறாருன்னு சொல்றேன் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அச்சு கோக்கப் போய்விட்டான்.

நீ சொன்னது எழுதப்படவில்லை, நான் சொன்னதும் எழுதப்படவில்லை. நமக்குத் தெரியாததை அச்சடித்து ஊருக்குக் கொடுக்க வேண்டாம். அதில் நீ சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். பெண் வீட்டில் கேட்டால் அம்மா பிடிவாதக்காரி என்று சொல்லிவிடு. அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஜனவரியில் நம் சர்ச்சில் ஆயர் உங்களை ஆசீர்வதித்து முடித்ததும், வழக்கப்படி நீயும் பிரிசில்லாவும்தான் முதலில் வெளியே வருவீர்கள். ஜனங்கள் அரிசியும் பூவும் தூவுவார்கள், போட்டோக்காரன் இப்படிப் பாருங்கள் என்பான். ஒரு நிமிஷம் அவனை விட்டுவிட்டு, கேட்டுக்கு எதிரே மரத்தடியைப் பார். அவளிடமும் காட்டு. நீ ஒன்றும் பேச வேண்டாம். ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்கிற கவலையும் அங்கே வேண்டாம்.

என் முறையும் ஒரு நாள் வரும். ஆண்டவர் இரக்கம் வைத்தால் நான் உள்ளே போவேன். அங்கே ஆராதனைக்கு முடிவே இல்லை, யாரும் வெளியே வரமாட்டார்கள் என்று நீ சொல்வாய். இருக்கட்டும். நடுவில் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய், அவர் நனைகிறாரா என்று பார்த்துவிட்டு வருகிற பழக்கம் எனக்கு உண்டு. ஆண்டவருக்கும் அது தெரியும்.

உன் அம்மா